நீல பம்ப் மாதம் ஒன்று தீர்கிறது: எது செலவு, எது சிக்கனம்?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது, பத்து வருடமாக இழுப்பு. பக்கத்துத் தெரு டாக்டர் ஒவ்வொரு முறையும் நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, மாண்டிலூகாஸ்ட் மாத்திரையும் இருமல் சிரப்பும் எழுதுவார். போன மாதம் மூன்று முறை போனதில் 2,100 ரூபாய் ஆனது. நீல பம்ப் மாதம் ஒன்று தீர்கிறது. இன்னொரு டாக்டர் புடெசொனைடு-ஃபார்மோடெரால் பம்ப் எழுதினார். விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் வந்துவிட்டோம். தினமும் அடித்தால் பழகிவிடும் என்றும் சொல்கிறார்களே?
- வாசகி, திருப்பூர்

பதில்: மாதம் ஒரு நீல பம்ப் என்று படித்ததும் பதறிவிட்டேன் அம்மா. அதில் உள்ள சால்பியூட்டமாலை 200 முறை அடிக்கலாம். மாதத்தில் தீர்ந்தால் ஒரு நாளைக்கு ஆறேழு முறை! அது சுருங்கிய மூச்சுக்குழாயைக் கொஞ்ச நேரம் விரித்துவிடும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. உலகெங்கும் டாக்டர்கள் பின்பற்றும் 'ஜினா' ஆஸ்துமா வழிகாட்டுதல், வருடத்துக்கு மூன்று தீர்ந்தாலே கடும் இழுப்பு வரும் ஆபத்து கூடும் என்கிறது. மாதம் ஒன்று என்றால் உயிருக்கே ஆபத்து. 2019 முதல் பெரியவர்களுக்கு நீல பம்ப்பை மட்டும் கொடுத்து நிறுத்தக் கூடாது, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் சேர வேண்டும் என்கிறது. நீங்கள் வாங்காமல் வந்த பம்ப்பில் உள்ள புடெசொனைடு அதுதான். இதைத்தான் தடுப்பு பம்ப் என்பார்கள்.

விலைக்கு வருவோம். பெட்டியில் உள்ள எம்.ஆர்.பி.யை 120 ஆல் வகுங்கள். அந்த பம்ப்பில் பெரும்பாலும் 120 அழுத்தல்கள் இருக்கும். டாக்டர் சொல்லும் எண்ணிக்கையால் பெருக்கினால் ஒரு நாள் செலவு தெரிந்துவிடும். அதை முப்பதால் பெருக்கி, போன மாதத்து 2,100 ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் இதே மருந்து இருக்கிறதா என்று மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் காட்டினால், அங்கே இருப்பில் உள்ள மருந்துக்குக் காசே இல்லை. பொடி அடைத்த கேப்சூலாக எழுதினால், அதைக் கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டும். தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு, "பலனே இல்லை" என்று வருகிறவர்கள் உண்டு.

பழகிவிடும் என்பது பயம்தான். ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றில் 10 மில்லிகிராம் இருக்கிறதென்றால், பம்ப்பின் ஒரு அழுத்தலில் 100 அல்லது 200 மைக்ரோகிராம்தான், அதாவது எடையில் ஐம்பதில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. அதுவும் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. அடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், நாக்கில் வெண்படலம் வருவது குறையும். பம்ப்பின் வாயில் மாட்டும் ஸ்பேசர் என்ற குழாயையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் மருந்தில் பெரும் பகுதி வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும்.

மாண்டிலூகாஸ்ட் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுக்கு ஈடாகாது. மனநிலை மாற்றம், தற்கொலை எண்ணம் வரலாம் என்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குக் கடும் எச்சரிக்கை போட்டது. அம்மாவுக்குத் தூக்கக் கெடுதியோ மனச்சோர்வோ இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இருமல் சிரப் ஆஸ்துமாவுக்கு மருந்தே இல்லை.

டாக்டர் மேல் மட்டும் பழி போட மாட்டேன். ஊசி போடாத டாக்டரை நாமே மாற்றிவிடுகிறோம். அடுத்த முறை காலியான பம்ப்புகளையும் பில்களையும் மேசையில் வைத்து, "தடுப்பு பம்ப் எது, எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், கணக்கெல்லாம் அப்புறம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.