எண்ணெய் தொடாதவருக்கும் இதய நோய் வருமா?
"எண்ணெய்ப் பலகாரமே தொடுவதில்லை, வேலை டென்ஷன் மட்டும்தான். இதய நோய் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரலாம். 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களை வராதவர்களோடு ஒப்பிட்டது. புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை நோயோடு மன அழுத்தமும் முக்கியக் காரணங்களில் ஒன்றாக வந்தது. டென்ஷனில் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் கூடும். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். அதோடு தூக்கம் கெடும், சிகரெட் கூடும், கை தானாக மிக்சர் டப்பாவுக்குப் போகும். என் பார்வையில் பாதிச் சேதம் இந்த வழியில்தான்.

அப்புறம், எண்ணெயை மட்டும் பார்க்காதீர்கள். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு சேர்ந்தால் எளிதில் தாண்டிவிடும். தட்டு நிறைய வெள்ளைச் சோறும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பை ஏற்றும். சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காயும் பயறும் கூட்டுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.