வாசகர் கேள்வி–பதில்: மெதுவாக ஓடி வென்ற ஏரியல்

கேள்வி: பிரிட்டனின் பழைய ட்ரையல்ஸ் போட்டிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஏரியல் நிறுவனத்தின் எச்.டி.5 என்ற மோட்டார் சைக்கிளும் ஜி.ஓ.வி. 132 என்ற பதிவெண்ணும் சேர்ந்தே வருகின்றன. 500 சி.சி. எஞ்சின் பூட்டிய கனமான வண்டி பாறையிலும் சேற்றிலும் எப்படி வென்றது?

பதில்: ட்ரையல்ஸ் வேகப் பந்தயம் அன்று. பாறை, ஓடை, வேர்கள் பின்னிய சரிவு எனக் குறித்து வைத்த சிறு பகுதிகளைக் காலை ஊன்றாமலும் நிற்காமலும் கடக்க வேண்டும். அந்தக் காலத்து விதிப்படி ஒருமுறை கால் தரையில் பட்டால் 1, அதற்கு மேல் பட்டால் 3, வண்டி நின்றுவிட்டால் 5 எனத் தண்டப் புள்ளிகள் ஏறும். குறைவாக வாங்கியவர் வெல்வார். எனவே, நடக்கிற வேகத்தில் அணையாமல் இழுக்கும் எஞ்சின்தான் இங்கே தேவை.

1950களின் நடுவில் பர்மிங்ஹாமின் செல்லி ஓக் தொழிற்சாலையில் உருவான எச்.டி.5, ஏரியலின் ரெட் ஹண்டர் சாலை வண்டியின் வழிவந்தது. அதன் ஒற்றை சிலிண்டரின் விட்டம் 81.8 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 95 மி.மீ. அந்த நீண்ட ஸ்ட்ரோக்கும், சுழற்சியைச் சீராக வைக்கும் கனத்த ஃப்ளைவீல் சக்கரமும் சேர்ந்ததால், ஈரப்பாறை மீது ஏறும்போது எஞ்சின் ஒவ்வொரு துடிப்பாக எண்ணக்கூடிய அளவுக்கு மெதுவாகச் சுழன்றும் அணையாது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் பின்சக்கரத்து டயர் வழுக்காமல் பாறையைப் பற்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். வண்டியைக் காப்பாற்றியது குதிரைத்திறன் அன்று, இந்த நிதானம்தான் என்பது என் கருத்து.

ஆனால் எடை ஒரு குறைதான். தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டி சுமார் 130 கிலோ இருந்தது. பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ட்ரையல்ஸ் வீரர் சாம்மி மில்லர் தம்மிடம் வந்த, ஜி.ஓ.வி. 132 என்ற பதிவெண் கொண்ட எச்.டி.5-ஐ ஆண்டுக்கணக்கில் செதுக்கினார்: ரெனால்ட்ஸ் 531 என்னும் எஃகுக் கலவைக் குழாயில் இலகுவான சட்டகம், கண்ணாடியிழை பெட்ரோல் டேங்க், எடை குறைந்த ஹப்கள் (சக்கரத்தின் நடுப்பகுதிகள்) என்று ஒவ்வொன்றாக மாற்றி, முடிவில் ஏறக்குறைய 110 கிலோவுக்குக் கொண்டுவந்தார். புதிதாக எதையும் சேர்ப்பதைவிட, தேவையில்லாததைக் கழிப்பதே அவர் செய்த மேம்பாடு. எஞ்சினின் இயல்பை மட்டும் அவர் கெடுக்கவில்லை. 1959 முதல் 1964 வரை ஒவ்வோர் ஆண்டும் பிரிட்டிஷ் ட்ரையல்ஸ் பட்டம் அவருக்கே கிடைத்தது. ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரையலையும் இதே வண்டியில் 1962-லும் 1964-லும் வென்றார்.

கேள்வி: இத்தனை சிறந்த வண்டியை ஏரியல் ஏன் தொடர்ந்து தயாரிக்கவில்லை?

பதில்: ஏரியல் அப்போது பி.எஸ்.ஏ. என்னும் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் குழுமத்தின் கையில் இருந்தது. 1958-இல் லீடர் என்னும் 250 சி.சி. டூ ஸ்ட்ரோக் வண்டியைக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டிலேயே எச்.டி.5 உள்ளிட்ட ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளின் தயாரிப்பை அது நிறுத்திவிட்டது. மில்லர் முதல் பட்டத்தை வென்ற 1959-தான் அது! தாய்த் தொழிற்சாலை கைவிட்ட வண்டியை வைத்துக்கொண்டுதான் அவர் மேலும் ஐந்து ஆண்டுகள் வென்றார். பிறகு அவரே 1964-இன் இறுதியில் ஸ்பெயினின் புல்டாகோ மோட்டார் சைக்கிள் நிறுவனத்துக்குப் போய், 244 சி.சி. டூ ஸ்ட்ரோக்கான ஷெர்ப்பா டி வண்டியின் உருவாக்கத்தில் கைகொடுத்து, 1965-இல் ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரையலை அதில் வென்றார். கனத்த ஃபோர் ஸ்ட்ரோக்கின் காலம் அதோடு முடிந்தது.

கேள்வி: இன்று விற்பனைக்கு வரும் எச்.டி.5 அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: கண்ணாடியிழை டேங்க்கைக் கண்டு மயங்க வேண்டாம், அது மில்லரைப் பின்பற்றிப் பின்னாளில் மாட்டியதாக இருக்கலாம். சட்டக எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே வகைச் சாலை வண்டி எஞ்சினைப் புதிய சட்டகத்தில் பூட்டிய வண்டிகளும் உண்டு. ஓட்ட அவையும் நன்றாகவே இருக்கும். விலையைத்தான் அதற்கேற்பப் பேச வேண்டும். அசல் ஜி.ஓ.வி. 132-ஐப் பார்க்க விரும்பினால், ஹாம்ப்ஷயரின் நியூ மில்டனில் உள்ள சாம்மி மில்லர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.