இரவில் தவளை பார்க்கப் போகிறவர் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு டார்ச் லைட் வாங்க வேண்டுமா?

மழைக்கால இரவுகளில் தவளைகளையும் அந்துப்பூச்சிகளையும் பார்க்கப் போகிற ஒருவருக்கு ஐந்நூறு ரூபாய் டார்ச் போதாதா, ஒன்பதாயிரம் கொடுப்பதில் உண்மையான பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோத்தகிரியில் வசிக்கிறேன். பதினொரு ஆண்டுகளாகத் தேயிலைத் தோட்டங்களின் ஓரத்திலும் ஓடைக்கரைகளிலும் தவளைகளைத் தேடிப் படம் எடுத்து வருகிறேன். ஐந்நூறிலிருந்து மூவாயிரம் வரை ஏறுவது கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் தகும் என்பதே என் முடிவு. அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வெளிச்சத்தின் உச்ச அளவுக்குத்தான் போகிறது, அந்த உச்சமோ எங்கள் மலையில் உதவுவதைவிட இடைஞ்சலாகவே இருக்கிறது.

சென்ற ஐப்பசியில் கோவையிலிருந்து வந்த நண்பர் ஒருவர், நாலாயிரம் லூமென் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அலகு) தரும் புதிய டார்ச் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். மேகம் முழுவதுமாக இறங்கியிருந்த நேரத்தில், படகர் ஊரான ஹட்டிக்குப் பிரியும் பாதையில் அதை முழு அளவில் எரியவிட்டபோது எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து நின்றது. "அதை அணைச்சுடுங்க சார், எதிர்ல காட்டுமாடு நின்னாலும் தெரியாது" என்றார் உடன் வந்த தோட்டத்துக் காவலர். அவரிடம் இருந்தது பழைய மூன்று கட்டை டார்ச். அதை முழங்கால் உயரத்தில் பிடித்துப் பாதையின் மேல் சாய்வாக அடித்தபடி நடந்தார், எங்களுக்குப் பாதை தெரிந்தது. பனிமூட்டத்தில் கண்ணைக் கட்டுவது துளிகளில் பட்டுத் திரும்பி வரும் ஒளிதான். விளக்கைக் கூட்டினால் திரும்பி வருவதும் அதே விகிதத்தில் கூடும். விளக்கு கண்ணுக்கு அருகில் இருந்தால் இன்னும் மோசம் என்பதால், நெற்றியில் கட்டும் விளக்கைப் பனியில் நான் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்கிறேன். மஞ்சள் விளக்கு பனியைக் கிழிக்கும் என்று எங்கள் ஊரில் பலரும் நம்புகிறார்கள். ஆனால் பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கிறது. காவலருக்குக் கைகொடுத்தது அவர் விளக்கைப் பிடித்த இடமும் அதன் மிதமான அளவும்தான்.

அப்படியானால் மூவாயிரம் எதற்கு என்று கேட்கலாம். முதலாவது, உள்ளே இருக்கும் மின்சுற்று. லித்தியம் அயான் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் தரும், தீரத் தீர 3 வோல்ட்டை நோக்கி இறங்கும். மலிவான டார்ச்சில் வெளிச்சமும் அதனோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே போகும். நல்ல மின்சுற்று உள்ள டார்ச், நடுத்தர அளவில் வைத்தால் பல மணி நேரம் ஒரே சீராக எரியும்; மேலும், ஒரு லூமெனுக்கும் குறைவான மிக மங்கிய அளவு ஒன்றும் அதில் இருக்கும். இந்த மங்கிய அளவை அனுபவித்துப் பார்க்காதவர்கள் அதன் அருமையை அறிய மாட்டார்கள். கூவிக்கொண்டிருக்கும் ஆண் தவளையின் மேல் பெரிய வெளிச்சம் பட்டால் அது பெரும்பாலும் வாயை மூடிக்கொள்கிறது. மங்கிய ஒளியில் குரல்பை உப்பி அடங்குவதை அருகிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கலாம். இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு அரை மணி நேரம் வரை ஆகிறது, அந்தப் பழக்கத்தையும் இந்த அளவு கெடுப்பதில்லை.

இரண்டாவது, நிறம். எனக்கு இதுவே முக்கியமானது. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை சி.ஆர்.ஐ. என்ற குறியீட்டால் சொல்வார்கள். வெயிலுக்கு அது 100, நீலம் தட்டும் வழக்கமான வெள்ளை எல்.இ.டி.க்கு 70 அளவில் இருக்கும், நல்லவை 90ஐத் தாண்டும். என் முதல் டார்ச்சின் ஒளியில் எடுத்த படங்களில் பச்சை மரத்தவளைகள் எல்லாம் சாம்பல் பூசியது போல இருக்கின்றன. தொடையின் உட்புறத்து மஞ்சளும் பழுப்பும் பிரியவே இல்லை, அந்த நிறங்களை வைத்துத்தான் இனம் பிரிக்க வேண்டியிருந்தும். ஈர இலைச் சருகின் மேல் நிமிர்ந்து நிற்கும் அட்டையும்கூட 90க்கு மேற்பட்ட ஒளியில்தான் எனக்குத் தனியாகத் தெரிகிறது. இங்கே வாங்குவோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நிறத்தை நன்றாகக் காட்டும் எல்.இ.டி. அதே மின்சாரத்துக்குக் குறைந்த லூமென்தான் தரும், ஆகவே பெட்டியின் மேல் பெரிய எண்ணைத் தேடி வாங்குகிறவர் பெரும்பாலும் மோசமான நிறத்தையே வாங்கி வருகிறார்.

அந்த எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறிய உடல் கொண்ட டார்ச் மூவாயிரம் லூமெனில் எரியும்போது எழும் வெப்பத்தை வெளியே தள்ள முடியாமல், ஓரிரு நிமிடங்களில் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். டார்ச்சுகளுக்கென 2009இல் வந்த ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்ற அளவீட்டு முறைப்படி, பெட்டியில் போடும் எரியும் நேரம் என்பது வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகும் வரையிலான நேரம். எட்டும் தூரம் என்பது முழுநிலவு வெளிச்சம் அளவுக்கு, அதாவது கால் லக்ஸுக்கு, ஒளி தேய்ந்துபோகும் தூரம். அந்தத் தூரத்தில் இருப்பது கல்லா கரடியா என்று அவ்வளவு ஒளியில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. தூரத்தை இரட்டிப்பாக்க ஒளிச்செறிவு நான்கு மடங்காக வேண்டும்: 10,000 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) 200 மீட்டர் எட்டினால், 400 மீட்டருக்கு 40,000 தேவை. ஒன்பதாயிரம் ரூபாயின் பெரும்பகுதி இதற்கே செலவாகிறது. பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவைப் பார்க்க வேண்டியவர்களுக்கும், தோட்டத்து எல்லையில் யானை நிற்கிறதா என்று தொலைவிலிருந்தே அறிய வேண்டியவர்களுக்கும் அது நியாயமான செலவு. இரண்டடி தூரத்தில் இலை மேல் அமர்ந்திருக்கும் தவளைக்கு அது வேண்டாம். கருவியின் மேலுள்ள காதலால், அதன் வேலைப்பாட்டை ரசித்துச் சேகரிப்பவர்களும் உண்டு. அவர்களுடைய மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது வேறொரு பொழுதுபோக்கு.

செல்லில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள செல். நாம் வாங்கும் நல்ல தரமானவற்றில் உச்சக் கொள்ளளவு 3,500 மில்லி ஆம்பியர் மணி என்பதை ஒட்டியே இருக்கும், 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். மார்கழி, தை மாதங்களில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் இரவுகளில் செல் தன் வழக்கமான அளவைத் தராது, எனவே மாற்றுச் செல்லை ஸ்வெட்டரின் உட்பையில் வைத்துக்கொள்கிறேன். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்த செல்லை அறைக்குள் வைத்துச் சூடேறிய பிறகே சார்ஜ் செய்ய வேண்டும், இல்லையென்றால் அது நிரந்தரமாகக் கெட்டுவிடும். மழைக்கு, நீர் புகாத தன்மையைக் குறிக்கும் ஐ.பி.எக்ஸ். 7 அல்லது 8 என்று போட்டிருந்தால் போதும், ஆனால் அந்தப் பாதுகாப்பு ரப்பர் வளையத்தில் இருக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை அதற்கு சிலிகான் கிரீஸ் தடவுங்கள்.

உங்களிடம் உண்மையிலேயே ஒன்பதாயிரம் இருந்தால், 4,000 முதல் 5,000 கெல்வின் (வெள்ளை ஒளி மஞ்சள் தட்டுகிறதா, நீலம் தட்டுகிறதா என்பதைச் சொல்லும் அலகு) நிறமும் 90க்கு மேல் சி.ஆர்.ஐ.யும் உள்ள டார்ச் இரண்டாக வாங்கிவிடுங்கள். கான்வாய் போன்ற நிறுவனங்கள் ஒரே உடலில் எந்த எல்.இ.டி. வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதியைத் தருகின்றன. ஒன்று கையில், ஒன்று பையில். மழையில், சேற்றில், நனைந்த விரல்களால் செல்லை மாற்றும்போது அந்த இரண்டாவது டார்ச்சை வாயில் கவ்விக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் அது சிறியதாக இருக்கட்டும்.