95 செ.மீ. மழையும் பாதி பக்கெட்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை என்றார்கள். கருவிக் கோளாறாக இருக்காதா? (ஆறுமுகநேரி வாசகர்)

பதில்: இல்லை. டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த அதே 24 மணி நேரத்தில் திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. பதிவாகியுள்ளது. ஒரு கருவி பழுதாகலாம். சுற்றுவட்டாரக் கருவிகள் அனைத்தும் சேர்ந்தாற்போல் பழுதாவதில்லை. 200 சதுர செ.மீ. வாயுள்ள சாதாரண மழைமானியில் 95 செ.மீ. என்பது 19 லிட்டர் நீர். அதற்குரிய பெரிய குடுவையே 10 லிட்டர்தான் கொள்ளும் என்பதால், அத்தகைய இரவில் யாராவது இடையில் எழுந்து போய்க் குடுவையை அளந்து காலி செய்து குறித்து வைத்தால்தான் கணக்கு சரியாக வரும். அந்த ஊழியரை யாரும் பாராட்டி நான் பார்த்ததில்லை.

கேள்வி: மொட்டை மாடியில் வைத்த பக்கெட் நேற்று பாதி நிறைந்துவிட்டது. எத்தனை செ.மீ. மழை? (சீர்காழி வாசகர்)

பதில்: பக்கெட்டின் அளவு என்ன, எப்போது வைத்தீர்கள், எப்போது எடுத்தீர்கள் என்று எதையும் எழுதாமல் விடையை மட்டும் கேட்கிறீர்கள். பக்கெட்டுக்கு வாய் அகலம், அடி குறுகல். உள்ளே நிற்கும் நீரை ஸ்கேலால் அளந்தால் பெய்ததைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். பக்கச்சுவர் செங்குத்தாக உள்ள பாத்திரத்தைத் திறந்த வெளியில், அருகிலுள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரு மடங்கு தள்ளி வையுங்கள். காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை என்பதே மழைக் கணக்கில் ஒரு நாள். இதைப் பலமுறை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன்.

கேள்வி: மலையில் நடக்கும் பேரழிவுகள் எல்லாம் மேகவெடிப்பால்தானே? அதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது அல்லவா? (குன்னூர் வாசகர்)

பதில்: மழை வெள்ளம் வந்த ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபமும் வருகிறது. சுமார் 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. அளவுக்குக் கொட்டினால்தான் அது மேகவெடிப்பு. இமயமலைப் பள்ளத்தாக்குகளில் அப்படி நடப்பதுண்டு. அதைத் துல்லியமாக முன்கூட்டிச் சொல்வது கடினம் என்பதும் உண்மையே. ஆனால் நம் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். உங்கள் நீலகிரியிலேயே 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் 82 செ.மீ. பதிவானது, மணிக்கு மூன்றரை செ.மீ.கூட ஆகவில்லை. வலுவான தென்மேற்குக் காற்று நாள் முழுதும் ஓயாமல் ஈரத்தைக் கொண்டுவந்து மலைமுகட்டில் மோதியதால் சேர்ந்த மழை அது. 2024 ஜூலை இறுதியில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் மண்ணில் புதையுமுன், அருகிலிருந்த கள்ளாடியில் 48 மணி நேரத்தில் சுமார் 57 செ.மீ. பெய்திருந்தது, சராசரியாக மணிக்கு ஒரு செ.மீ.க்குச் சற்றே மேல். முதல் நாள் மழையில் ஊறிக் கனத்துப்போன சரிவின் மீது இரண்டாம் நாளும் பெய்யும்போதுதான் மண் பிடிப்பை இழக்கிறது. அந்த முதல் நாள் மழை அளக்கப்பட்ட மழை. எனவே எச்சரிக்கை விடுக்க அவகாசம் உண்டு. எல்லாவற்றையும் மேகவெடிப்பு என்று சொல்லிவிட்டால், ஓடையை மறித்துக் கட்டியவரும் சரிவை வெட்டியவரும் அந்த அவகாசத்தை வீணாக்கியவரும் ஒருசேரத் தப்பித்துக்கொள்கிறார்கள். எத்தனை செ.மீ. என்று கேட்பவர்கள் எத்தனை மணி நேரத்தில் என்றும் கேட்க வேண்டும்.

கேள்வி: வால்பாறையில் கொட்டித் தீர்க்கிறது, கோவையில் தூறலோடு சரி. ஏன்? (பீளமேடு வாசகர்)

பதில்: மேற்குச் சரிவில் ஏறும் காற்று குளிர்ந்து மழையை அங்கேயே இறக்கிவிடுகிறது, கிழக்கே இறங்கும்போது வெப்பமடைந்து வறள்கிறது. வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு ஆண்டுக்கு 300 செ.மீ.க்கு மேல் பெறும்போது கோவைக்குக் கிடைப்பது 60, 70 செ.மீ.தான், அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை தருவது. பாலக்காட்டுக் கணவாய் உங்களுக்குத் தருவது காற்றும் கொஞ்சம் சாரலும்.

கேள்வி: சிவப்பு எச்சரிக்கை என்று பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள், எங்கள் தெருவில் வெயில் அடித்தது. (செங்கல்பட்டு வாசகர்)

பதில்: அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில்’ என்று இருந்திருக்கும், படித்தீர்களா? 21 செ.மீ.க்கு மேற்பட்ட அதி கனமழை மாவட்டம் முழுதும் ஒரே சீராகப் பெய்யாது. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாக்ரூஸில் 94 செ.மீ.; அதே மும்பையின் கொலாபாவில் வெறும் 7. ஒரு மழைமானி ஓர் இடத்துக்கு மட்டுமே சாட்சி. உங்கள் தெருவும் அப்படித்தான்.

கேள்வி: அப்படியானால் மலையில்தானே சமவெளியைவிட அதிக மழை? (தென்காசி வாசகர்)

பதில்: ஆண்டுக் கணக்கில் ஆம், ஒரு நாள் கணக்கில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. 1992 நவம்பரில் மாஞ்சோலை மலையில் உள்ள காக்காச்சியில் ஒரே நாளில் பதிவான சுமார் 96 செ.மீ.க்கும், கடற்கரைச் சமவெளியான காயல்பட்டினத்தின் 95 செ.மீ.க்கும் வித்தியாசம் மிகச் சொற்பம். மலைக்கு மழை தருவதில் சரிவின் பங்கு பெரிது. சமவெளியில், நகராமல் நிற்கும் ஒரு காற்றுச் சுழற்சியே போதும். சிரபுஞ்சியின் கதை வேறு: 1995 ஜூனில் ஒரு நாள் 156 செ.மீ.

கேள்வி: ஆயிரம் சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை எத்தனை லிட்டர்? (தாம்பரம் வாசகர்)

பதில்: சுமார் 900. தொட்டிக்குப் போகும் குழாயில் அடைத்திருக்கும் இலைகளை முதலில் எடுத்துவிடுங்கள்.