படிக்கட்டில் மூச்சு வாங்குகிறதா?

தம்பி, காலிமுகத்திடலில் 5 கிலோமீட்டர் ஓடினாலும் களைப்பில்லை, பை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினால் 2 நிமிடத்திலேயே கால் சோர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஓடுகிற கால் வேறு, சுமக்கிற கால் வேறு, அதனால் பயப்படாதீர்கள்.

நீங்கள் அமெரிக்காவில் தீயணைப்பு வீரர் வேலைக்காகச் செய்யப்போகும் சி.பி.ஏ.டி. (CPAT) என்ற உடற்தகுதிச் சோதனையில் 8 கட்டங்களையும் 10 நிமிடம் 20 வினாடிக்குள் முடிக்க வேண்டும், ஆனால் பலரைக் கவிழ்ப்பது முதலாவதான படி ஏறுதல்தான். 50 பவுண்ட் அங்கியோடு தோளில் இன்னும் 25 பவுண்ட், மொத்தம் 34 கிலோ, நிமிடத்துக்கு 60 படி வீதம் 3 நிமிடம் ஏற வேண்டும். கைப்பிடியில் பாரத்தைச் சாய்க்கவும் விடமாட்டார்கள்.

சரி, வெள்ளவத்தையில் தொடர்மாடியில்தானே இருக்கிறீர்கள், அதுவே போதும். 10 கிலோ அரிசிப் பையை முதுகுப் பையில் வைத்து, அது ஆடாமல் துவாயால் இறுக்கிச் சுற்றி, வினாடிக்கு ஒரு படி என்று எண்ணிக்கொண்டு ஏறுங்கள். குதிக்காலும் படியில் பதியட்டும், நுனிக்காலால் ஏறினால் கெண்டைக்கால் சீக்கிரம் எரியும். வாரத்துக்கு 3 நாள் போதும், பாரத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள், இறங்கும்போது லிஃப்டில் வாருங்கள், முழங்கால் பாவம்.

அப்புறம், ஏறி முடித்த கையோடு உட்காராதீர்கள். சோதனையில் அடுத்தது குழாய் இழுப்பது, பிறகு 165 பவுண்ட் பொம்மையையும் இழுக்க வேண்டும். பழைய டயரில் கயிறு கட்டி இழுத்துப் பழகுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் விடியற்காலையே நல்லது, தலை சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள்.