நேபாளத்தில் இரண்டு வார வாலிபர் வகுப்பு: கிளம்பும் முன்

பிரதர், பொக்காராவில் சபை வாலிபர்களுக்கு இரண்டு வாரம் வகுப்பு எடுக்கப் போகிறோம், மாலையில் வீடு வீடாகச் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். நேபாளத்தின் 2015 அரசியலமைப்பே மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனைக்குப் பிறகு நாடுகடத்தல் வேறு. நீங்களாவது ஊர் திரும்பிவிடுவீர்கள். அங்கேயே இருந்து பதில் சொல்லவேண்டியவர் உள்ளூர்ப் போதகர்.

சபைப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுங்கள், அதுவே தலைக்கு மேல் வேலை. ஆராதனை பெரும்பாலும் சனிக்கிழமைதான், அதைப் பார்த்து அட்டவணை போடுங்கள். மொழிபெயர்ப்போடு பேசினால் நேரம் இரட்டிப்பாகும். நான் போனபோது பன்னிரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். ஐந்தாம் பக்கத்தில் பருப்பும் சோறும் வந்துவிட்டது. பையன்கள் தட்டைத்தான் பார்த்தார்கள், என்னை இல்லை!

அப்புறம், விமானத்தில் போகும் 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதார் செல்லாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்ததும் ‘ஜெய்மசி’ என்று சொல்லுங்கள், அங்கே விசுவாசிகளின் வணக்கம் அதுதான்.