கடன் வாங்கி அந்தப் படிப்பு வேண்டாம்

அம்மா, மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்ற உங்கள் பதற்றம் புரிகிறது. மகள் கணக்கில் கெட்டி, உறவினர்கள் கணினிப் பொறியியல் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அவளோ மழை அளவுகளையும் வரைபடங்களையும் விட்டு நகர்வதில்லை. அவள் கேட்காத படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள். தவணை கட்டப்போவது உறவினர்கள் இல்லை.

உணவு, நீர்ப் பாதுகாப்பைக் கணினி மாதிரிகளால் கணிக்கும் துறை ஒன்று இருக்கிறது. மனிதர் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் வேளாண்மைக்கே போகிறது. ஒரு கிலோ கோதுமைக்கு உலகச் சராசரியாக ஏறக்குறைய 1,800 லிட்டர் நீர் வேண்டும். கோதுமையை இறக்குமதி செய்கிற நாடு அந்த நீரையும் சேர்த்தே வாங்குகிறது. பிரிட்டிஷ் புவியியல் அறிஞர் டோனி ஆலன் முன்வைத்த இந்தக் கருத்தைத் தமிழில் மறைநீர் என்கிறோம். 2010-இல் ரஷ்யாவில் வறட்சி வந்தது, ஆகஸ்டில் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள், உலகச் சந்தையில் விலை எகிறியது. எங்கோ காய்ந்த வயல் யார் வீட்டு அடுப்பைத் தொடும் என்று முன்பே கணக்கிடுவதுதான் இந்த வேலை.

சேரும் முன் மூன்று மாதம் செய்து பார்க்கட்டும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் அக்வாகிராப் மென்பொருள் இலவசம். தினசரி மழை, வெப்பநிலை, ஆவியாகும் நீர், மண் வகை, விதைப்பு நாள் எல்லாம் கொடுத்தால் விளைச்சலைக் கணிக்கும். பத்தாண்டுத் தரவில் ஆறாண்டை வைத்து, உண்மை விளைச்சலோடு பொருந்தும்படி மாதிரியைச் சீர்செய்து, தொடாத நான்காண்டில் சோதிக்க வேண்டும். பத்தையும் சீர்செய்யவே செலவழித்தால் கோடுகள் அழகாகப் பொருந்தும், அடுத்த வறட்சியில் மாதிரி கைவிட்டுவிடும். விதைக்கும் நாளில் மண்ணில் இருந்த ஈரத்தைத் தப்பாகக் கொடுப்பது புதியவர்கள் சறுக்கும் ஓர் இடம். அலகும் அப்படித்தான்: ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் 10,000 லிட்டர்.

பிறகு அதே அமைப்பின் ஃபாவோஸ்டாட் தரவில் யார் யாருக்கு எவ்வளவு விற்றார்கள் என்று எடுக்கட்டும். விற்றவர் சொல்லும் அளவும் வாங்கியவர் சொல்லும் அளவும் பல இடங்களில் ஒத்துப்போகாது. எதை எடுத்தாள், ஏன் என்று குறித்து வைக்கிறாளா பாருங்கள்.

இளநிலையில் வேளாண் பொறியியல், குடிசார் பொறியியல், புள்ளியியல் எதுவும் சரி, கூடவே பைத்தான் என்ற நிரல் மொழி. மாதிரி கட்டும் வேலைகளுக்குப் பெரும்பாலும் முதுநிலை கேட்பார்கள். ஆகவே கையிருப்பை இளநிலையிலேயே கரைக்காதீர்கள்.

தரவைத் துப்புரவு செய்வதே அவளுக்குச் சலித்தால் வேறு வழி பார்ப்போம். சொல்லாமலே இன்னொரு நாட்டையும் சேர்த்துப் பார்க்கிறாள் என்றால், உறவினர்களிடம் நீங்களே பேசிவிடுங்கள்.